4 ஜிபிக்கு மேலே உள்ள முகவரிகள்: பூட்லோடர் அட்டவணைகளை வெட்டுப்படாமல் படிப்பது எப்படி

4 ஜிபி ரேம் போட்ட ஒரு சாதாரண பிசியில்கூட, அந்த ரேமில் ஒரு பகுதி 4 ஜிபிக்கு மேலே உள்ள முகவரியில்தான் இருக்கும். பூட்லோடர் (கணினி எழுந்ததும் இயங்குதளத்தை ரேமில் ஏற்றும் நிரல்) எழுதப் புதிதாக வருபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். 2 ஜிபியில் அழகாக ஓடிய லோடர், 4 ஜிபி கொடுத்ததும் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் கெர்னலின் மேலேயே எழுதிவிடும்.

ரேம் எங்கே, மற்றவை எங்கே என்று ஃபர்ம்வேர் (பயாஸ் போலப் பலகையிலேயே இருக்கும் நிரல்) தருகிற அட்டவணையில் முகவரி பெரும்பாலும் முழுசாக, 64 பிட்டாகவே இருக்கிறது. அது வெட்டுப்படுவது படிக்கிறவர் கையில். ஸ்ட்ரக்ட் அமைப்பில் வெட்டுப்படலாம், கூட்டல் பெருக்கலில் வெட்டுப்படலாம், எண்ணைப் பாயிண்டராக மாற்றும்போதும் வெட்டுப்படலாம். இந்த மூன்று இடங்களையும் எக்ஸ்86 கணினியை வைத்துப் பார்ப்போம். ஆர்ம் பற்றி ஓரிரு இடங்களில் மட்டும் சொல்கிறோம்.

பதினாறடிமான எண்களை இங்கே 'ஹெக்ஸ்' என்ற சொல்லை முன்னால் போட்டு, நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து எழுதியிருக்கிறோம். ஹெக்ஸ் 1 0000 0000 என்றால் சரியாக 4 ஜிபி. ஹெக்ஸ் 8000 0000 என்றால் 2 ஜிபி. இந்த இரண்டும் மனதில் இருந்தால் போதும்.

ரேம் ஏன் மேலே போகிறது

32 பிட் முகவரி எட்டும் தூரம் 4 ஜிபி. அந்த எல்லைக்குள் ரேம் மட்டும் குடியிருப்பதில்லை. பிசிஐ கார்டுகளின் ரெஜிஸ்டர்கள், ஏபிஐசி (இன்டரப்ட் கன்ட்ரோலர்), ஃபர்ம்வேர் ஃபிளாஷ் சிப் எல்லாமே 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே இடம் பிடித்து வைத்திருக்கின்றன. சிபியு கண் விழித்ததும் முதல் கட்டளையை எடுக்கிற இடமே 4 ஜிபிக்கு 16 பைட் கீழேதான். அந்த இடத்தில் ரேமைக் காட்ட முடியாது என்பதால் சிப்செட் அந்தத் துண்டைத் தூக்கி 4 ஜிபிக்கு மேலே ஒட்டிவிடுகிறது. ஆகவே "என்னிடம் 4 ஜிபிதான் இருக்கிறது, 32 பிட் போதும்" என்ற கணக்கு செல்லாது.

முதலில் சோதனைக் களம்

கோடு (நிரல்) எழுதும் முன்பே இதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கியூஇஎம்யூ என்ற கணினி எமுலேட்டரில் மெஷின் வகையை கியூ35 என்று வையுங்கள். அதில் ரேம் எப்படிப் பிரியும் என்பது முன்கூட்டியே தெரியும். 2 ஜிபி கொடுத்தால் எல்லாம் கீழேயே இருக்கும். 4 ஜிபி கொடுத்தால் கீழே 2, மேலே 2. 6 ஜிபி என்றால் கீழே 2, மேலே 4. 7 ஜிபி என்றால் கீழே 2, மேலே 5.

இந்த நான்கு அளவையும் காரணத்தோடுதான் சொல்கிறோம். 4 ஜிபியில் மேல் துண்டு ஹெக்ஸ் 1 0000 0000 இல் தொடங்குகிறது, அதன் நீளம் ஹெக்ஸ் 8000 0000. தொடக்க முகவரியை 32 பிட்டாக வெட்டினால் அது 0 ஆகிவிடும். "0 முதல் 2 ஜிபி வரை ரேம்" என்று படிக்கும்போது யாருக்கும் சந்தேகமே வராது, ஏனென்றால் கீழே உண்மையிலேயே 2 ஜிபி ரேம் இருக்கிறது. உங்கள் அலோகேட்டர் (ரேமைப் பங்கிடும் பகுதி) ஒரே ரேமை இரண்டு தடவை கணக்கில் எடுத்துக்கொள்ளும். நடுவில் 640 கேபி முதல் 1 எம்பி வரை உள்ள விஜிஏ, பயாஸ் பகுதியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

6 ஜிபியில் வேறொரு பிழை வெளியே வரும். அங்கே மேல் துண்டின் நீளமே சரியாக ஹெக்ஸ் 1 0000 0000. நீளத்தை வெட்டினால் 0 ஆகிவிடும். நீளம் 0 உள்ள என்ட்ரியைத் தள்ளிவிடுவது வழக்கம் என்பதால் 4 ஜிபி ரேம் மாயமாகிவிடும். 7 ஜிபியில் நீளம் ஹெக்ஸ் 1 4000 0000. அதை வெட்டினால் 5 ஜிபி 1 ஜிபியாகச் சுருங்கும்.

உங்கள் மடிக்கணினியில் அவ்வளவு ரேம் இல்லையே என்று தயங்க வேண்டாம். கெஸ்ட் (எமுலேட்டருக்குள் ஓடும் கணினி) தொடுகிற பக்கங்களுக்கு மட்டும்தான் ஹோஸ்டில் (உங்கள் மடிக்கணினியில்) ரேம் செலவாகும். சின்ன பூட்லோடர் சில எம்பிக்கு மேல் தொடாது.

அட்டவணையை எங்கிருந்து வாங்குவது

பழைய பயாஸில் இன்டரப்ட் ஹெக்ஸ் 15 வழியாக மூன்று தலைமுறைச் சேவைகள் உண்டு. ஹெக்ஸ் 88 என்ற முதல் சேவை அளவை 16 பிட்டில் கேபியாகத் தருவதால் 64 எம்பியோடு நின்றுவிடும். அடுத்து வந்த இ801, 16 எம்பிக்கு மேலே உள்ளதை 64 கேபி கட்டிகளாக எண்ணுகிறது. அதன் எல்லை 4 ஜிபி. மூன்றாவதான இ820 தான் 64 பிட் தொடக்கம், 64 பிட் நீளம், 32 பிட் வகை என்று ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தருகிறது. முதல் இரண்டையும் மறந்துவிடலாம்.

இ820ஐ அழைக்கும்போது இஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் சேவை எண், இடிஎக்ஸில் 'எஸ்எம்ஏபி' என்ற நான்கு எழுத்து முத்திரை, இசிஎக்ஸில் பஃபர் அளவு, இபிஎக்ஸில் முதல் முறை 0. திரும்பி வரும்போது கேரி ஃபிளாக் அணைந்திருக்கிறதா, இஏஎக்ஸில் அதே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இபிஎக்ஸில் வந்த மதிப்பை மாற்றாமல் அடுத்த அழைப்புக்கு அப்படியே கொடுங்கள். அது 0 ஆனால் பட்டியல் முடிந்தது. என்ட்ரிகள் ஏறுவரிசையில் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது, ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் வரலாம். வாங்கியதும் வரிசைப்படுத்தி, மோதல்களைத் தீர்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஒரே இடத்தை ஒரு என்ட்ரி ரேம் என்றும் இன்னொன்று ஒதுக்கப்பட்டது என்றும் சொன்னால், ஒதுக்கப்பட்டது என்பதையே நம்புங்கள்.

கிரப் என்ற பூட்லோடர் வழியாக வந்தால் மல்டிபூட் (அது கெர்னலிடம் தகவல் ஒப்படைக்கும் நெறி) மெமரி மேப் கிடைக்கும். கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரின் கீழ் பேலோடாக (அது கடைசியில் ஓடவிடும் நிரலாக) ஓடினால் கோர்பூட் அட்டவணை. பயாஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐயில் அதற்கென்றே தனி மெமரி மேப் அழைப்பு இருக்கிறது. எல்லாம் சொல்லும் செய்தி ஒன்றுதான், பைட் அடுக்கு மட்டும் வேறு வேறு.

மல்டிபூட் 1இல் மேல் மெமரியின் அளவைக் கேபியில் சொல்லும் 32 பிட் ஃபீல்டு ஒன்று உண்டு. எளிதாக இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 1 எம்பியில் தொடங்கி முதல் பள்ளம் (ரேம் இல்லாத இடைவெளி) வரை உள்ளதை மட்டுமே அது சொல்லும். நம் 4 ஜிபி கியூ35இல் அதன் கணக்கு 2 ஜிபிக்குள் முடிந்துவிடும்.

20 பைட்டா, 24 பைட்டா

புதியவர்களின் ஒரு முழு நாளைத் தின்றுவிடுகிற இடம் இது. இரண்டு 64 பிட் ஃபீல்டு, ஒரு 32 பிட் ஃபீல்டு கொண்ட ஸ்ட்ரக்ட் ஒன்றை எழுதுங்கள். 32 பிட் லினக்ஸுக்குக் கம்பைல் செய்தால் ஜிசிசி அதன் அளவை 20 பைட் என்று சொல்லும். 64 பிட்டுக்குக் கம்பைல் செய்தால் 24. காரணம், 32 பிட் எக்ஸ்86இல் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் 64 பிட் எண்ணுக்கு 4 பைட் அலைன்மென்ட் (4ஆல் வகுபடும் முகவரியில் தொடங்குதல்) போதும். 64 பிட்டில் 8 வேண்டும், அதனால் கடைசியில் 4 பைட் பேடிங் (வெற்று இடம்) சேர்கிறது. அட்டவணையை எழுதிய ஃபர்ம்வேர் 32 பிட், படிக்கிற புரோகிராம் 64 பிட் என்றால் இரண்டாவது என்ட்ரியிலேயே கணக்கு வழுக்கும்.

பைட்டுகளை நேரில் பாருங்கள். 4 ஜிபியில் தொடங்கி 2 ஜிபி நீளமுள்ள ரேம் என்ட்ரி மெமரியில் இப்படி இருக்கும்:

00 00 00 00 01 00 00 00
00 00 00 80 00 00 00 00
01 00 00 00

முதல் வரி தொடக்க முகவரி, இரண்டாவது நீளம், மூன்றாவது வகை. எக்ஸ்86 சிறு முனையை முதலில் வைக்கும் என்பதால் 4 ஜிபியைக் குறிக்கும் அந்த 01 ஐந்தாவது பைட்டில் வருகிறது. இந்த என்ட்ரி பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது, உங்கள் கோடு 24 பைட் தாண்டி 4 பைட் முன்னால் போய்ப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க முகவரியாக 01 00 00 00 00 00 00 80 என்ற எட்டு பைட்டும் கிடைக்கும். அதாவது ஹெக்ஸ் 8000 0000 0000 0001. நீளம் ஹெக்ஸ் 1 0000 0000 ஆகிவிடும். வகை என்ற இடத்தில் அடுத்த என்ட்ரியின் முகவரி வந்து நிற்கும். முதல் என்ட்ரி சரியாக இருந்து, இரண்டாவதில் இப்படி ஒற்றைப்படையில் முடியும் பிரம்மாண்டமான முகவரியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம். 4 பைட் நழுவியிருக்கிறது.

கோர்பூட் இதை வடிவமைப்பிலேயே கையாண்டிருக்கிறது. அந்தத் திட்டம் 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கி 2008இல் கோர்பூட் ஆனது. பெரும்பாலும் 32 பிட்டாகவே கம்பைல் ஆகும் ஃபர்ம்வேர் என்பதால், அட்டவணையில் 64 பிட் மதிப்புக்கென்று தனி வகை வைத்தார்கள். உள்ளே கீழ் 32 பிட், மேல் 32 பிட் என்று இரண்டு ஃபீல்டு. பிரித்து எழுதவும் சேர்த்துப் படிக்கவும் இரண்டு சின்ன ஃபங்ஷன். பின்னாளில் அது 4 பைட் அலைன்மென்ட் என்று குறிக்கப்பட்ட ஒரே 64 பிட் வகையாக மாறியது. பைட் அடுக்கு மாறவில்லை, என்ட்ரி இன்றும் 20 பைட்தான்.

ஆகவே படி இதுதான். அட்டவணை ஸ்ட்ரக்ட் ஒவ்வொன்றையும் பேக்டு (பேடிங் இல்லாதது) என்று குறியுங்கள். அதன் கீழேயே அளவு 20 தானா என்று கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஸ்டேட்டிக் அசெர்ட் ஒன்று போடுங்கள். ஒரு வரிதான் செலவு.

அடுத்த என்ட்ரிக்குப் போக உங்கள் ஸ்ட்ரக்டின் அளவைக் கூட்டாதீர்கள், அட்டவணை சொல்லும் அளவைக் கூட்டுங்கள். மல்டிபூட் 1இல் ஒவ்வொரு என்ட்ரியின் முன்னாலும் ஓர் அளவு ஃபீல்டு இருக்கும். அது தன்னைச் சேர்க்காமல் எண்ணும். பெரும்பாலும் 20 என்று இருக்கும், நகர வேண்டியது 24. மல்டிபூட் 2இல் என்ட்ரி அளவு டேகின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். யூஇஎஃப்ஐயில் ஓர் என்ட்ரியின் ஸ்ட்ரக்ட் 40 பைட், ஆனால் பல ஃபர்ம்வேர்கள் 48 என்று சொல்லித் தரும். 40 என்று கையால் எழுதியவர்களை முறிப்பதற்கே அந்த 8 பைட் இருக்கிறதோ என்று தோன்றும். உண்மையில் அது பின்னாளில் ஃபீல்டு சேர்க்க இடம் விடும் நல்ல பழக்கம்தான்.

இரண்டு பாதியைச் சேர்ப்பதும் கணக்குப் போடுவதும்

கீழ் 32 பிட், மேல் 32 பிட் என்று இரண்டு எண் கையில் இருக்கிறது. மேல் பாதியை 32 இடம் இடப்பக்கம் நகர்த்தி, கீழ் பாதியோடு சேர்க்க வேண்டும். நகர்த்தும் முன் மேல் பாதியை 64 பிட்டாக மாற்றுங்கள். 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்துவதற்கு சி மொழியில் வரையறை கிடையாது. எக்ஸ்86 கட்டளையோ நகர்த்தும் எண்ணின் கடைசி 5 பிட்டை மட்டும் பார்க்கும், 32 என்றால் அதற்கு 0. ஆகவே 1ஐ நகர்த்தினால் சில நேரம் 1 வரும், கம்பைலரின் மனநிலையைப் பொறுத்துச் சில நேரம் 0 வரும். கம்பைலர் எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பெருக்கலிலும் இதே கதை. 4 ஜிபி என்பது 41,94,304 கேபி. இதை 32 பிட் எண்ணில் வைத்து 1024ஆல் பெருக்கினால் விடை 0. முடிவை 64 பிட் மாறியில் போட்டாலும் பயனில்லை, பெருக்கல் 32 பிட்டில் முடிந்து வெட்டுப்பட்ட பிறகுதான் அது அகலமாகிறது. பக்க எண்ணை 12 இடம் நகர்த்தி முகவரியாக்கும்போதும் அப்படித்தான். அடைப்புக்குறிக்கு வெளியே போட்ட காஸ்ட் (வகை மாற்றம்) தாமதமாக வந்த தீயணைப்பு வண்டி.

எல்லோரும் தவறவிடும் இன்னொன்று, பக்க எல்லைக்குச் சரிசெய்யும் மாஸ்க். 4096இலிருந்து 1ஐக் கழித்து, பிட்டுகளைத் தலைகீழாக்கி, முகவரியோடு அண்ட் செய்வோம். 4096ஐச் சாதாரண இன்ட்டாக எழுதியிருந்தால் அது குறி எண் என்பதால் 64 பிட்டுக்கு விரியும்போது மேல் பிட்டுகள் 1களால் நிரம்பும், விடை சரியாக வரும். யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று பின்னால் அன்சைன்டு குறியைச் சேர்த்தால் மேல் 32 பிட்டும் 0களால் நிரம்பும். அண்ட் செய்ததும் ஹெக்ஸ் 1 8000 0000 என்ற முகவரி ஹெக்ஸ் 8000 0000 ஆகிவிடும். பார்வைக்கு இரண்டு கோடும் ஒன்றுபோலவே இருக்கும். மாஸ்க்கை முதலிலேயே 64 பிட் மாறிலியாக எழுதுவதுதான் வழி.

முடிவு முகவரியைத் தொடக்கம் கூட்டல் நீளம் என்று வைக்கலாம், ஆனால் அது ரேமின் கடைசி பைட் அல்ல, அதற்கு அடுத்தது. லினக்ஸ் தன் பூட் பதிவில் கடைசி பைட்டை அச்சிடும். ஒப்பிடும்போது 1 வித்தியாசம் வருவது அதனால்தான். கூட்டியதும், கூட்டுத்தொகை தொடக்கத்தைவிடச் சிறிதாகிவிடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஆனால் அந்த என்ட்ரியே பழுது, தள்ளிவிடுங்கள்.

ரேம் அளவை அறிய எல்லா என்ட்ரிகளிலும் பெரிய முடிவு முகவரியை எடுப்பது பலர் செய்யும் குறுக்குவழி. அதைச் செய்யாதீர்கள். ஏஎம்டி தளங்களில் 1 டிபிக்குச் சற்றுக் கீழே 12 ஜிபி ஒதுக்கப்பட்ட பகுதி ஒன்று உண்டு. புதிய கியூஇஎம்யூ கெஸ்ட்களின் மெமரி மேப்பிலும் அது தலைகாட்டும். குறுக்குவழிக்காரர் 4 ஜிபி கணினியை 1 டிபி என்று நம்பி, அதற்குப் பக்க அட்டவணை போடக் கிளம்பிவிடுவார். வகை 1 (ரேம்) உள்ள என்ட்ரிகளை மட்டும் கூட்டுங்கள்.

எண்ணிலிருந்து பாயிண்டருக்கு

முகவரியைக் கடைசி நொடி வரை 64 பிட் எண்ணாகவே வைத்திருங்கள். பாயிண்டராக மாற்றுவது ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் நடக்கட்டும். அந்த ஃபங்ஷன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த எண் என் பாயிண்டர் அகலத்துக்குள் அடங்குமா? இந்த இடம் முழு நீளத்துக்கும் இப்போது மேப் ஆகியிருக்கிறதா (பக்க அட்டவணையில் இருக்கிறதா)? இரண்டில் எது இல்லை என்றாலும் காலிப் பாயிண்டரைத் திருப்புங்கள். கோடு முழுக்கக் காஸ்ட் தூவி வைத்தால் பிறகு எது வெட்டியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

32 பிட் பேலோடுக்கு முதல் கேள்வியிலேயே பதில் 'இல்லை' என்று வரும். மேலே உள்ள ரேமைப் பட்டியலில் காட்டி கெர்னலிடம் கொடுத்தால் போதும், நீங்கள் தொடத் தேவையில்லை என்றால் வேலை அங்கேயே முடிந்தது. பல லோடர்களுக்கு இதுவே சரியான விடை. தொட்டே ஆக வேண்டும் என்றால் பிஏஇ (32 பிட் சிபியு 4 ஜிபிக்கு மேலே எட்டும் வழி) இருக்கிறது. 1995இல் பென்டியம் புரோவோடு வந்தது. 2 எம்பி பக்கம் ஒன்றை ஜன்னலாக ஒதுக்கி, அதன் என்ட்ரியில் வேண்டிய இடத்தின் இயற்பியல் முகவரியை எழுதி, டிஎல்பியில் (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்) அந்த ஒரு பக்கத்தை மட்டும் செல்லாததாக்கி, ஜன்னல் வழியாகப் படிக்கலாம்.

64 பிட்டில் ஓடுகிறவர்கள் இரண்டாம் கேள்வியில் மாட்டுவார்கள். லாங் மோடுக்கு (64 பிட் நிலைக்கு) போகப் பலரும் எடுத்து ஒட்டும் ஆரம்பக் கோடு முதல் 4 ஜிபியை மட்டுமே மேப் செய்யும். 2 எம்பி பக்கமாகப் போட்டால் மேல் இரண்டு நிலைக்கு ஒவ்வொரு பக்கம், கீழ்நிலைக்கு நான்கு பக்கம், மொத்தம் 24 கேபி. முகவரி முழுசாக இருந்தும், ஹெக்ஸ் 1 0000 0000ஐத் தொட்டதும் பேஜ் ஃபால்ட். அதைப் பிடிக்க ஐடிடி (ஃபால்ட்களைக் கையாளும் ஃபங்ஷன்களின் பட்டியல்) இன்னும் போடவில்லை என்றால் அது டபுள் ஃபால்ட்டாகி, பிறகு டிரிபிள் ஃபால்ட்டாகி, கணினி ரீபூட் ஆகும். கியூஇஎம்யூவை ரீபூட் ஆகாமல் நிற்கும்படியும் இன்டரப்ட் பதிவு எழுதும்படியும் சொல்லி ஓட்டினால் சிஆர்2 ரெஜிஸ்டரில் தொட்ட முகவரி தெரியும். சிஆர்2இல் முழு முகவரி இருந்தால் மேப்பிங் போதவில்லை. வெட்டுப்பட்டிருந்தால் உங்கள் கணக்கில்தான் கோளாறு.

ஏசிபிஐ: 36 என்ற எண்

ஏசிபிஐ என்பது வன்பொருள், மின் மேலாண்மை விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஃபர்ம்வேர் அட்டவணைகள். அதன் 2.0 பதிப்பில்தான், 2000ஆம் ஆண்டில், 64 பிட் முகவரிகள் வந்தன. பழையதையும் வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் சேர்த்தார்கள். ஆகவே ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கும். எது செல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கம் ஆர்எஸ்டிபி, மற்ற அட்டவணைகளுக்கு வழிகாட்டும் கட்டமைப்பு. மொத்தம் 36 பைட். பைட் எண்களை இனி 0இலிருந்து எண்ணுகிறோம். 16ஆவது பைட்டில் ஆர்எஸ்டிடியின் (மற்ற அட்டவணைகளின் முகவரிப் பட்டியல்) 32 பிட் முகவரி, 24ஆவது பைட்டில் எக்ஸ்எஸ்டிடியின் (அதே பட்டியலின் 64 பிட் வடிவம்) 64 பிட் முகவரி. திருத்த எண் 2 அல்லது அதற்கு மேல் என்றால் எக்ஸ்எஸ்டிடியைப் பிடியுங்கள். முதல் 20 பைட்டுக்கு ஒரு செக்சம், 36 பைட்டுக்கும் சேர்த்து இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்காமல் 64 பிட் முகவரியை நம்பக்கூடாது. திருத்த எண் 0 என்றால் 20 பைட்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இருப்பது குப்பை.

எக்ஸ்எஸ்டிடியில் ஒரு பொறி உண்டு. தலைப்பு 36 பைட், அதன் பின்னாலேயே 8 பைட் முகவரிகள் வரிசையாக நிற்கும். 36 எட்டால் வகுபடாது. தலைப்பு ஸ்ட்ரக்டுக்குப் பின்னால் 64 பிட் அர்ரே என்று அப்பாவியாக எழுதினால், கம்பைலர் 4 பைட் பேடிங் நுழைத்து 40இலிருந்து படிக்கும். எல்லா முகவரியும் பாதி நகர்ந்து வரும். பேக்டு போட்டாலும் உள்ளே இருக்கும் உறுப்பின் முகவரியை எடுத்துச் சாதாரண 64 பிட் பாயிண்டரில் வைக்காதீர்கள். எக்ஸ்86 பொறுத்துக்கொள்ளும். எம்எம்யூ இன்னும் இயங்காத ஆர்ம் பூட் கோடில் அலைன்மென்ட் ஃபால்ட் வரும். எட்டு பைட்டையும் மெம்காப்பி செய்து எடுப்பதே பாதுகாப்பு. எண்ணிக்கையை நீளத்திலிருந்து 36ஐக் கழித்து 8ஆல் வகுத்துப் பெறுங்கள். ஆர்எஸ்டிடி என்றால் 4ஆல்.

எஃப்ஏடிடி என்ற அட்டவணையில் டிஎஸ்டிடி என்ற இன்னோர் அட்டவணையின் 32 பிட் முகவரி 40ஆவது பைட்டில், 64 பிட் முகவரி 140ஆவது பைட்டில். 140ஐப் படிக்கும் முன் அட்டவணையின் நீளம் 148ஐ எட்டுகிறதா என்று பாருங்கள், பழைய எஃப்ஏடிடி அதற்கு முன்பே முடிந்துவிடும். எட்டினால், 64 பிட் ஃபீல்டில் 0 அல்லாதது இருக்கிறதா என்று பார்த்து அதை எடுங்கள். 0 என்றால் பழைய ஃபீல்டு.

நீங்களே அட்டவணை எழுதும் பக்கம் இருந்தால் எங்கள் ஆலோசனை, ஏசிபிஐ அட்டவணைகளை 4 ஜிபிக்குக் கீழேயே வையுங்கள். சில நூறு கேபிக்காக மேலே போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மேலேதான் வைப்பீர்கள் என்றால் 32 பிட் ஃபீல்டில் 0 போடுங்கள். வெட்டிய பாதி முகவரியை மட்டும் எழுதாதீர்கள். 0ஐப் பார்த்தால் படிப்பவர் விலகிப் போவார். பாதி முகவரியைப் பார்த்தால் நம்பி உள்ளே போவார்.

எஸ்எம்பயாஸும் டிவைஸ் ட்ரீயும், சுருக்கமாக

எஸ்எம்பயாஸில் (ஃபர்ம்வேர் தரும் வன்பொருள் விவரப் பட்டியல்) 3.0 முதல் 64 பிட் நுழைவுக் கட்டமைப்பு உண்டு, 24 பைட். பழைய 31 பைட் கட்டமைப்பு 32 பிட் முகவரியை மட்டுமே தாங்கும். இரண்டும் இருந்தால் புதியதை எடுங்கள். வகை 17இல் (ரேம் டிம் ஒவ்வொன்றின் விவரம்) மெமரி அளவு 16 பிட் ஃபீல்டு. அதில் 32,767 என்று இருந்தால் அது அளவே அல்ல, "விரிவாக்க ஃபீல்டைப் பார்" என்ற கைகாட்டி. 32 ஜிபி டிம்மை இந்த எண்ணால் 32,767 எம்பி என்று காட்டும் கருவிகள் அந்தக் கைகாட்டியைக் கவனிக்காதவை.

ஆர்ம் பக்கம் டிவைஸ் ட்ரீ, அதாவது வன்பொருளை மரவடிவில் விவரிக்கும் தரவு. முகவரி எத்தனை 32 பிட் செல், நீளம் எத்தனை செல் என்பதை மேல் நோடு சொல்லும். சொல்லாவிட்டால் முகவரிக்கு 2, நீளத்துக்கு 1 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் 2 என்று நினைத்து எழுதிய கோடு இங்கே நழுவும். ராஸ்ப்பெர்ரி பை 4இன் வேர் நோடில் முகவரிக்கு 2, நீளத்துக்கு 1. அதாவது ஒரு துண்டு 4 ஜிபியை எட்டவே முடியாது, 8 ஜிபி பலகையின் ரேமைப் பல துண்டாகவே எழுத வேண்டும். செல்கள் பெரு முனை முதலில் வரும் என்பதையும், 64 பிட் மதிப்புக்கு இங்கும் 4 பைட் அலைன்மென்ட்தான் உறுதி என்பதையும் நினைவில் வையுங்கள்.

லினக்ஸிடம் ஒப்படைக்கும்போது

எக்ஸ்86 லினக்ஸின் ஜீரோ பேஜில் (பூட்லோடர் கெர்னலுக்குத் தகவல் கொடுக்கும் பக்கம்) இ820 பட்டியல் 720ஆவது பைட்டில் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் 20 பைட், அதிகபட்சம் 128. எண்ணிக்கை 488ஆவது பைட்டில். இதையும் 24 என்று எழுதிக் கெடுப்பவர்கள் உண்டு.

இனிட்ராம்டிஸ்கின் (கெர்னல் முதலில் பயன்படுத்தும் கோப்புத் தொகுப்பு) முகவரி 536ஆவது பைட்டில் 32 பிட்டாக இருக்கிறது. 4 ஜிபிக்கு மேலே வைத்தால் மேல் பாதியை 192ஆவது பைட்டிலும், அளவின் மேல் பாதியை 196ஆவது பைட்டிலும் எழுத வேண்டும். இவை பூட் புரோட்டோகால் 2.12இல் சேர்ந்தவை. எழுதும் முன், "4 ஜிபிக்கு மேலே ஏற்றலாம்" என்ற பிட் கெர்னலின் ஹெடரில் எரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 556ஆவது பைட்டில் கெர்னல் சொல்லும் உச்சத்தைத் தாண்டாதீர்கள். மேலே வைக்காதபோதும் அந்த மேல் பாதிகளில் 0 இருக்க வேண்டும். ஜீரோ பேஜைத் துடைக்காமல் பயன்படுத்தினால் பழைய குப்பை அங்கே இருந்து, கெர்னல் இனிட்ராம்டிஸ்கை 4 ஜிபிக்கு அந்தப் பக்கம் போய்த் தேடும்.

பதிவு பொய் சொல்லும்

கடைசியாக அச்சிடுதல். 64 பிட் மதிப்பை 32 பிட் ஹெக்ஸ் குறியீட்டால் அச்சிட்டால், 32 பிட் பில்டில் கீழ் பாதி மட்டும் வரும். அடுத்த மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் முதல் மதிப்பின் மேல் பாதி வந்து நிற்கும். நம் 4 ஜிபி என்ட்ரி "தொடக்கம் 0, நீளம் 1" என்று தெரியும். கோடு சரி, பதிவுதான் தவறு, ஆனால் நீங்கள் கோடைத் திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள். பிரின்ட்எஃப்பை நீங்களே எழுதியிருந்தால் அது 64 பிட் ஹெக்ஸை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதரிக்காவிட்டால் மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு 32 பிட் எண்ணாக, எட்டு இலக்கம் நிரப்பி அச்சிடுங்கள். உங்கள் ஃபங்ஷனுக்குக் கம்பைலரின் ஃபார்மட் சோதனைக் குறிப்பையும் சேர்த்துவிட்டால் பொருந்தாத இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும்.

இப்போது கியூ35ஐ 2, 4, 6, 7 ஜிபியில் வரிசையாக ஓட்டுங்கள். 2இல் 4 ஜிபிக்கு மேலே வகை 1 என்ட்ரி இருக்கக்கூடாது. மற்ற மூன்றிலும் ஹெக்ஸ் 1 0000 0000 இல் தொடங்கும் வகை 1 என்ட்ரி ஒன்று வர வேண்டும். அதன் முடிவு 4 ஜிபிக்கு ஹெக்ஸ் 1 8000 0000, 6 ஜிபிக்கு ஹெக்ஸ் 2 0000 0000, 7 ஜிபிக்கு ஹெக்ஸ் 2 4000 0000. வகை 1 நீளங்களின் கூட்டுத்தொகை கொடுத்த ரேமைவிடச் சிறிது குறையலாம், ஃபர்ம்வேர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட் கூடினாலும் எங்கோ ஒரு முகவரி வெட்டுப்பட்டு இரண்டு தடவை எண்ணப்படுகிறது. இதே நான்கு ஓட்டத்தையும் 32 பிட் பில்டில் ஒரு முறை, 64 பிட் பில்டில் ஒரு முறை செய்து, இரண்டு பதிவையும் டிஃப் போட்டுப் பாருங்கள்.